ஸியாட்டில் நகரத்தாரின் மின்சாரம்

மின்சாரத்தை உற்பத்தி செய்து வீடுதோறும் விற்பதற்குப் பெரு முதல் வேண்டும். ஆகையால் அது பணம் படைத்த கம்பெனிகளுக்கே உரிய தொழில் என்ற எண்ணம் ஒரு காலத்தில் உலகெங்கும் வேரூன்றியிருந்தது. அதற்கு மாறாக, விளக்கெரிக்கும் ஜனங்களே மின்சார நிலையத்துக்குச் சொந்தக்காரராகி, தங்கள் பொறுப்பில் கடன் வாங்கி, லாபத்தையும் நஷ்டத்தையும் தாங்களே ஏற்று நடத்திய நகரங்கள் சில உண்டு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் ராஜ்யத்திலுள்ள ஸியாட்டில் என்னும் துறைமுகப் பட்டணம் அவற்றுள் முக்கியமானது. அந்நகர மின்சார இலாகாவை ஊரார் 'ஸிட்டி லைட்', அதாவது நகர விளக்கு, என்றே அழைத்து வருகின்றனர். அதன் சரித்திரத்தில் வெற்றிகளும் உண்டு, பெருந்தவறுகளும் உண்டு. ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு இவ்விரண்டுமே பிரயோஜனமானவை.

இச்சரித்திரம் மின்சாரத்தில் தொடங்கவில்லை, நெருப்பில் தொடங்கியது. 1889-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, ஒரு தச்சுப் பட்டறை அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வஜ்ஜிரம் பொங்கித் தீப்பற்றிக்கொண்டது. மரத்தால் கட்டப்பட்ட கடைவீதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. தண்ணீர் கொடுத்து வந்தது ஒரு தனிக் கம்பெனி. குழாய்கள் சிறியவை, பலர் ஒரே சமயத்தில் திறந்ததும் நீரின் வேகம் குறைந்து, தீயணைப்போர் கையிலிருந்த குழாய்கள் வெறுமையாயின. மாலைக்குள் நகரத்தின் வியாபாரப் பகுதி முழுவதும் சாம்பலாயிற்று. தண்ணீரை இனி நகரமே சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமென்று அவ்வருஷமே ஜனங்கள் பெருவாரியாக வாக்களித்தனர். மலையடிவாரத்திலிருந்து ஸீடர் நதியின் நீர் 1901-இல் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நீரைக் கொண்டுவந்த நகர எஞ்சினீயர் ஆர். எச். தாம்ஸன், மலையில் அந்நதி விழும் வேகத்தைக் கண்டு, அதனால் மின்சாரமும் உண்டாக்கலாமென்று முன்னமே எண்ணியிருந்தார். ஸியாட்டிலில் மின்சார விளக்கு 1886 முதலே எரிந்துவந்தது. சிறு கம்பெனிகள் பல தோன்றி, நூற்றாண்டு முடியும் தறுவாயில் பாஸ்டன் நகரத்து முதலாளிகளின் ஆதரவில் ஒரே கம்பெனியாக ஒன்றுசேர்ந்திருந்தன. அக்கம்பெனி ஒரு யூனிட்டுக்கு 20 சென்ட் வரை வசூலித்தது. நூறு சென்ட் ஒரு டாலர். அக்காலத்துக் கூலிக்காரன் நாளொன்றுக்கு இரண்டொரு டாலரே சம்பாதித்தான். எனவே வீட்டில் மின்சார விளக்கு என்பது செல்வர்களின் அலங்காரமாகவே இருந்தது.

1902-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மின்சார நிலையம் கட்ட 5,90,000 டாலர் கடன் வாங்கலாமா என்று நகர சபையார் ஜனங்களைக் கேட்டனர். ஜனங்கள் சம்மதித்தனர். நகரத்துக்குச் சுமார் 40 மைல் தூரத்தில், ஸீடர் நதி தோன்றும் ஏரியின் வாயில் மரத்தாலான ஓர் அணை எழும்பிற்று. 1905 ஜனவரியில் நகரத்து மின்சாரத்தால் ஸியாட்டிலின் தெருவிளக்குகள் எரிந்தன. வீடுகளுக்கு நகரம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 8½ சென்ட். கம்பெனியும் தன் விலையை இறக்கவேண்டியதாயிற்று. நகரத்திடம் ஒரு யூனிட்டும் வாங்காத வீட்டுக்காரனுக்குக்கூட இதனால் செலவு குறைந்தது. ஒரு கிராமத்தில் நாணய சங்கம் ஏற்பட்டதும் சங்கத்தில் சேராதவனுக்கும் சாவுகாரன் வட்டியைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

விலை இவ்வளவு குறைய முடிந்தது எவ்வாறு என்பதைச் சற்று விளக்குவது அவசியம். நிலக்கரியால் நடக்கும் நிலையத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கரி எரிந்தாக வேண்டும். அதிகம் விற்றால் செலவும் அதற்கேற்ப ஏறும். நீரால் நடக்கும் நிலையம் வேறு விதமானது. மேட்டிலிருந்து குழாய் வழியே இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் டைனமோவைச் சுழற்றுகிறது. நீருக்கு விலை இல்லை. அணை, குழாய், யந்திரம், கம்பி இவற்றுக்காக வாங்கிய கடனின் வட்டியும் தவணையுமே செலவில் பெரும்பங்கு. நூறு பேர் வாங்கினாலும் ஆயிரம் பேர் வாங்கினாலும் அந்த வட்டி ஒன்றே. ஆயிரம் பேர் வாங்கினால் ஒவ்வொருவர் தலையிலும் விழும் பங்கு பத்தில் ஒன்றாகிவிடும். விலையைக் குறைத்தால் உபயோகம் பெருகும்; உபயோகம் பெருகினால் விலையை மேலும் குறைக்கலாம். இதனாலேயே ஸிட்டி லைட் விளக்கோடு நிற்காமல், சமையலுக்கு மின்சார அடுப்பையும் வீட்டுப் பெண்களிடையே பரப்புவதில் மிகுந்த ஊக்கம் காட்டிற்று. இரவில் மட்டும் விளக்கெரித்தால் பகலெல்லாம் யந்திரம் சும்மா நிற்கும்; வட்டி சும்மா நிற்காது.

இக்கொள்கையை வற்புறுத்தியவர் ஜே. டி. ராஸ் என்பவர். கானடா தேசத்தில் பிறந்த இவர் எந்தக் கலாசாலையிலும் மின்சாரப் பட்டம் பெற்றவரல்லர். தாமே படித்துத் தேறியவர். வடகோடியில் பொன் கிடைக்கிறதென்று ஜனங்கள் திரள் திரளாக ஓடிய 1898-இல் தாமும் போய், பின்னர் ஸியாட்டிலுக்கு வந்து, நகரத்தின் முதல் மின்சார நிலையத்தை அமைப்பதில் அமர்ந்தார். தண்ணீர் இலாகாவிலிருந்து மின்சாரம் 1910-இல் தனி இலாகாவாகப் பிரிந்தது. மறு வருஷம் ராஸ் அதன் தலைமை அதிகாரியானார். இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 1939-இல் இறக்கும்வரை அப்பதவியை அவர் விடவில்லை.

அடுத்து நேர்ந்தது ஒரு பெருந்தவறு. மின்சாரத்தின் தேவை பெருகவே, ஸீடர் நதியில் பழைய மர அணைக்குக் கீழே உயரமான புதிய அணை ஒன்று 1914-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை உறுதியானதே. ஆனால் நீர்த்தேக்கத்தின் ஒரு பக்கக் கரை பாறையன்று. ஆதியில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த மணலும் கூழாங்கல்லும் கலந்த மேடு. தண்ணீர் தேங்கியதும் அம்மேட்டின் வழியே கசியத் தொடங்கிற்று. ஏரிக்கரையில் நண்டு வளை கண்டால் நமது விவசாயி எவ்வளவு பயப்படுவானோ, அவ்வளவு பயத்துக்கு இடமிருந்தும் போதிய பரிசோதனை நடக்கவில்லை. 1915-ஆம் வருஷ வசந்த காலத்தில், அருகேயுள்ள மாங்க்டன் என்னும் சிற்றூரில் பூமிக்குள்ளிருந்தே நீர் ஊறி நாளுக்கு நாள் உயர்ந்தது. குடிகள் வெளியேற, வீடுகள் நீரில் மிதந்தன. அவ்வூர் இருந்த இடம் ஏரியாகிவிட்டது. 1918 டிஸம்பர் 23-ந் தேதி இரவு மேட்டின் ஒரு பக்கம் வெடித்து நீர் பீறிட்டுப் பாய்ந்து, எட்ஜ்விக் என்னும் மரமறுக்கும் ஊரை அடித்துக்கொண்டு போயிற்று. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. நஷ்ட ஈட்டை நகரமே கொடுத்தது, அதாவது நகரத்து ஜனங்கள் கொடுத்தார்கள். அந்தத் தேக்கத்தை முழு உயரத்துக்கு நிரப்ப அதன் பிறகும் இயலவில்லை.

சொத்து பொதுவில் இருந்துவிட்டால் எல்லாம் நன்றாய் நடக்குமென்று எண்ணுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே ஸியாட்டில் நகரம் 1919-இல் தெரு டிராம் வண்டிகளையும் கம்பெனியிடமிருந்து வாங்கிற்று. விலை 1 கோடியே 50 லட்சம் டாலர். தண்டவாளங்களும் வண்டிகளும் தேய்ந்து பழசானவை, அவ்விலைக்குத் தகுந்தவையல்ல. அக்கடனின் சுமை இருபது வருஷம் நகரத்தின் கழுத்தை நெரித்தது. 1939-இல் மத்திய அரசாங்க ஸ்தாபனம் ஒன்று கடன் கொடுத்துக் கைதூக்கிய பிறகே விமோசனம் கிடைத்தது. ஒரே ஊர், ஒரே ஜனங்கள், ஒரே நகர சபை. ஒரு சொத்து செழித்தது, மற்றொன்று முழுகிற்று. வாங்கும்போது கொடுத்த விலையும், பொருளின் தரமுமே இவ்வித்தியாசத்துக்குக் காரணம்.

ஸீடர் நதி போதாதென்று கண்ட ராஸ், நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 100 மைல் தூரத்தில், செங்குத்தான மலைகளினிடையே பாயும் ஸ்காஜிட் நதியின்மீது கண் வைத்தார். அங்கே அணை கட்டும் அநுமதியைக் கம்பெனியார் முன்னமே பெற்றிருந்தும் வேலை தொடங்காமல் வைத்திருந்தனர். 1917 டிஸம்பரில் அவ்வநுமதி நகரத்துக்குக் கிடைத்தது. பாதையில்லாத அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் ரயில் பாதை போடவேண்டியிருந்தது. பின்னர் மலையைக் குடைந்து இரண்டு மைல் நீளச் சுரங்கம் வெட்டவேண்டியிருந்தது. செலவு மதிப்பீட்டை மீறிப் போயிற்று. 1924 செப்டம்பர் 17-ந் தேதி, ஜனாதிபதி கூலிட்ஜ் வாஷிங்டன் தலைநகரிலிருந்தபடியே ஒரு விசையை அழுத்த, கண்டத்தின் மறுகோடியில் ஸ்காஜிட் யந்திரம் சுழலத் தொடங்கிற்று.

இவ்வேலைக்குக் கடன் வாங்கிய முறை கவனிக்கத்தக்கது. நகரத்தின் முதல் கடனுக்கு ஊராரின் வரியே ஈடாயிருந்தது. மின்சாரம் விற்கத் தவறினால் வீட்டு வரியை உயர்த்தித்தான் வட்டி கட்டியாக வேண்டும். பின்னர் ராஸ் கையாண்ட கடன் பத்திரங்களுக்கு மின்சார விற்பனையில் வரும் வருமானம் ஒன்றே ஈடு. பத்திரம் வாங்கியவர் நகரத்தாரின் வீட்டையும் நிலத்தையும் தொட முடியாது. ஆனால் விற்பனைப் பணத்தில் அவருடைய வட்டிக்கு முதல் பாத்தியதை உண்டு. கிணறு வெட்டக் கடன் வாங்குபவன், பரம்பரை நிலத்தை அடமானம் வைக்காமல், அக்கிணற்றுப் பாசனத்தில் விளையும் தானியத்தையே ஈடு காட்டுவது போன்றது இது. கடன் கொடுப்பவன் இதற்கு இசைய வேண்டுமானால், விளைச்சல் வருமென்ற நம்பிக்கை அவனுக்கு இருக்க வேண்டும். கணக்கு வெளிப்படையாக இருந்தாலன்றி அந்த நம்பிக்கை பிறக்காது.

நம்பிக்கையை உண்டாக்க ராஸ் செய்த ஓர் ஏற்பாடு விசித்திரமானது. 1928 முதல், நகரத்து ஜனங்களை ஸ்காஜிட் பள்ளத்தாக்குக்கு யாத்திரையாக அழைத்துச் செல்லத் தொடங்கினார். சொற்பக் கட்டணம். நகரத்தின் சொந்த ரயிலில் மலைக்குள் போய், வேலைக்காரர்களின் போஜனசாலையில் வரிசையாக உட்கார்ந்து உண்டு, இரவு தங்கி, மறுநாள் அணைகளையும் யந்திரசாலைகளையும் பார்த்துத் திரும்பலாம். நியூஹேலம் என்னும் வேலையாட்கள் ஊரில் வெப்ப நாட்டுச் செடிகளை வளர்த்தும், நீர்வீழ்ச்சிக்கு வர்ண விளக்குகள் அமைத்தும், மரங்களுக்கிடையே சங்கீதம் கேட்கச் செய்தும் ராஸ் விருந்தினரை மகிழ்வித்தார். இது வீண் ஆடம்பரம் என்று சிலர் குறை கூறினர். குறை கூறியதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தன் சொத்தைக் கண்ணால் பார்த்துத் திரும்பிய குடியானவனும் தொழிலாளியும் அதை எளிதில் பிறர் கையில் விட்டுவிட மாட்டார்கள் என்பது விரைவில் விளங்கிற்று.

1931 மார்ச்சு 9-ந் தேதி, நகரத் தலைவரான பிராங்க் எட்வர்ட்ஸ், ராஸைப் பதவியிலிருந்து நீக்கினார். திறமையின்மை முதலிய காரணங்கள் சொல்லப்பட்டன. தனிக் கம்பெனியின் நன்மைக்காகவே இது செய்யப்பட்டதென்று ஊரில் பலர் சந்தேகித்தனர். ஸியாட்டில் நகரச் சாசனத்தில், பதவியிலிருக்கும் தலைவரை ஜனங்கள் கையெழுத்துச் சேகரித்து வாக்கெடுப்பின் மூலம் திருப்பி அழைக்கும் உரிமை இருந்தது. வீடுவீடாகக் கையெழுத்துகள் சேர்ந்தன. ஜூலை 13-ந் தேதி நடந்த வாக்கெடுப்பில் எட்வர்ட்ஸ் பதவியிழந்தார். அவருக்குப் பின் வந்தவர் ராஸை மீண்டும் அமர்த்தினார். ஒரு மின்சார அதிகாரியின் பொருட்டு நகரத் தலைவரையே ஜனங்கள் மாற்றியது எங்கும் அபூர்வம்.

பட்டணத்துக்கு வெளியிலிருந்த விவசாயிகளின் நிலை வேறு. கம்பி இழுக்க மைலுக்கு இவ்வளவு செலவென்றும், ஒரு மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே இருப்பதால் கட்டிவராதென்றும் கம்பெனிகள் கூறி வந்தன. ஸியாட்டில் போன்ற நகரங்கள் எல்லைக்கு வெளியே மின்சாரம் விற்க வழிசெய்யும் மசோதா ஒன்று 1924-இல் ஜனங்களின் வாக்குக்கு விடப்பட்டுத் தோல்வியடைந்தது. 'கிரேஞ்ஜ்' எனப்படும் விவசாயிகள் சங்கத்தார் மனம் தளரவில்லை. கிராம ஜனங்கள் தாங்களே வாக்களித்து மின்சார ஜில்லாக்களை அமைத்துக்கொள்ளலாம் என்ற வேறொரு மசோதாவைத் தயாரித்து, 1930 நவம்பரில் வெற்றி பெற்றனர். 1937-இல், கொலம்பியா நதியில் மத்திய அரசாங்கம் கட்டிய பானவில் அணையின் மின்சாரத்தை விற்கும் முதல் நிர்வாகியாக ராஸ் நியமிக்கப்பட்டார். பொது ஸ்தாபனங்களுக்கும் ஐக்கிய சங்கங்களுக்கும் அம்மின்சாரத்தில் முன்னுரிமை என்று சட்டம் கூறிற்று. அணைக்கு அருகிலிருந்தாலும் தூரத்திலிருந்தாலும் ஒரே விலை என்று ராஸ் விதித்தார்: ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு 17½ டாலர். தொலைவிலுள்ள சிறு கிராமத்துக்கு இதுவே பெரிய அநுகூலமாயிற்று. 1939 மார்ச்சில் அவர் காலமானார். அவருடைய சமாதி நியூஹேலத்தில், ஸ்காஜிட் நதிக்கருகே இருக்கிறது. அவர் தொடங்கி, 1949-இல் 540 அடி உயரத்துக்கு முடிந்த மேலணைக்கு ராஸ் அணை என்றே பெயர்.

இவ்வளவு காலமும் ஸியாட்டில் தெருக்களில் நகரத்தின் கம்பமும் கம்பெனியின் கம்பமும் எதிரெதிரே நின்றன. போட்டியால் விலை இறங்கியது உண்மையே. ஒரே தெருவுக்கு இரட்டைக் கம்பியின் செலவு வீணானதும் உண்மையே. நகர எல்லைக்குள் கம்பெனிக்கிருந்த சொத்தை வாங்கிவிடலாமா என்று 1950 நவம்பரில் ஜனங்களைக் கேட்டபோது, மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்திலேயே அது நிறைவேறிற்று. 1951 முதல் ஸிட்டி லைட் ஒன்றே நகரம் முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாயிற்று.

போட்டி மறைந்த பின் விழிப்பு இருந்ததா என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 1976-இல், அப்பிரதேசத்துப் பொது ஸ்தாபனங்கள் பல சேர்ந்து கட்டவிருந்த இரண்டு அணுசக்தி நிலையங்களில் ஸியாட்டிலும் பங்கு கொள்ள வேண்டுமென்று அதிகாரிகள் சிபாரிசு செய்தனர். நகர சபையார் ஊராரைக் கலந்து, நீண்ட ஆராய்ச்சி நடத்தி, மின்சாரத்தைச் சிக்கனமாய் உபயோகிப்பதே மேல் என்று தீர்மானித்து மறுத்தனர். அந்நிலையங்கள் முடிவு பெறாமலே நின்றன. 1983-இல் அவற்றுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன் தவறிப்போயிற்று. பங்கு கொண்ட ஊர்கள் பல அவஸ்தைப்பட்டன. ஆனால் 2000-ஆம் வருஷம், நிலக்கரி நிலையமொன்றில் தனக்கிருந்த பங்கை ஸிட்டி லைட் விற்றுவிட்ட சமயத்தில் மழை பொய்த்தது. கலிபோர்னியாவின் மின்சாரச் சந்தையில் விலை வெறிபிடித்து ஏறிற்று. பற்றாக்குறையை அச்சந்தையில் கொள்ளை விலைக்கு வாங்கி, பெருங்கடன் பட்டு, 2001-இல் ஜனங்களிடம் பாதிக்குமேல் கட்டணத்தை உயர்த்த நேர்ந்தது.

அணைகளால் இழந்தவர்களும் உண்டு. ஸ்காஜிட் பள்ளத்தாக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களாக அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளின் நிலம். அந்நதியில் ஏறும் ஸால்மன் மீனே அவர்களுடைய ஆகாரம். நகரத்தார் 1902-லும் 1917-லும் வாக்களித்தும் விண்ணப்பித்தும் திட்டமிட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1991-இல்தான் ஆதிக்குடிகளோடு உடன்படிக்கை ஏற்பட்டு, மீன்களின் பிழைப்புக்கேற்ப நீரை விடும் கடமையை ஸிட்டி லைட் ஏற்றது. ராஸ் அணையை மேலும் உயர்த்தினால் எல்லைக்கப்பால் கானடாவின் பள்ளத்தாக்கும் முழுகும் என்ற தகராறு பல்லாண்டு நடந்து, 1984-இல் தீர்ந்தது. அணை உயர்த்தப்படவில்லை, உயர்த்தினால் கிடைத்திருக்கும் மின்சாரத்தைக் கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் எண்பது வருஷ காலத்துக்கு ஸியாட்டிலுக்குக் கொடுப்பதென்றும், அணையை உயர்த்த ஆகியிருக்கும் செலவுக்கு ஈடான தொகையை ஸியாட்டில் செலுத்துவதென்றும் ஏற்பாடாயிற்று.

ஸிட்டி லைட்டின் கட்டணத்தை நிர்ணயிப்பது நகர சபையே. கட்டணம் உயர்த்தப்படுமுன் அச்சபையின் பகிரங்கக் கூட்டத்தில் விளக்கெரிக்கும் எவரும் எழுந்து பேசலாம்.